ஸ்டெயின் வாங்குமுன் பாலிப்பை நிமிர்த்தி வையுங்கள்

தமிழ்நாட்டில் கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்து பாலிப் எடுக்கும் டாக்டர்களுக்கும், அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பதாலஜி டாக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. 31 வருடம் ஹிஸ்டோபதாலஜி லேபில் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபார்மலின் பாட்டிலில் வரும் சதைத்துண்டை ராத்திரி முழுக்க ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவிட்டு, உருகிய பாரஃபினில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் சீவலாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, சாயமேற்றி உங்கள் மேசைக்கு அனுப்புவதுதான் என் வேலை. ரிப்போர்ட்டில் எங்கள் பெயர் வராது. வரவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

போன மாதம் என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, புதுசா ஒரு மார்க்கர் செட் வாங்கப் போறாங்க. வர்ற பாலிப் எல்லாத்துக்கும் போடணுமாம். எது கேன்சராகும், எது ஆகாதுன்னு அதுவே காட்டிக்குடுத்துடுமாம்" என்றான். மார்க்கர் என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை வைத்துப் போடும் ஸ்டெயின், அதாவது சாயம்; அந்தப் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். விற்க வந்தவர் கொடுத்த வழுவழு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியும் வைத்தான். இடப்பக்கம் வெறும் நீலமாக ஒரு பாலிப், கீழே 'தீங்கற்றது' என்ற பொருளில் ஒரு வரி. வலப்பக்கம் பழுப்பு நிறம் ஏறிய இன்னொரு பாலிப், கீழே 'புற்றுக்கு முந்தையது'. அவ்வளவு சுலபம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் எனக்கு ஒரு பழைய பிளாக்கின் (சதைத்துண்டு பதித்த பாரஃபின் கட்டி) ஞாபகமாகவே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களை, இதைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"குடல்ல சதை வளர்ந்திருக்கு" என்று வீட்டில் சொல்வோமே, அதுதான் பாலிப். எல்லாச் சதையும் ஒன்றல்ல. அடினோமா என்று ஒரு வகை. குடல் புற்றுக்கு வழக்கமான முன்னோடி இது. பெரும்பாலான அடினோமாக்கள் கடைசிவரை சும்மாவே இருந்துவிடும். சில மட்டும் பத்து வருடம் போல எடுத்துக்கொண்டு புற்றாக மாறும். எந்த மரபணு எப்போது கெட்டு இது நடக்கிறது என்ற படிக்கட்டை 1988-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வோகல்ஸ்டைனின் குழு எழுதிக் காட்டியது. அடினோமாவை எடுத்துவிட்டால் பின்னால் வரும் புற்று குறையும் என்பதை 1993-இல் அமெரிக்காவின் நேஷனல் பாலிப் ஸ்டடி எண்ணிக்கையோடு சொன்னது: எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, குடல் புற்றால் சாவதும் 53 சதவீதம் குறைந்தது என்று 2012-இல் எழுதினார்கள்.

அடினோமாவைக் கண்டுபிடிக்க மார்க்கர் எதுவும் வேண்டியதில்லை. எல்லா ஸ்லைடுக்கும் வழக்கமாகப் போடும் நீலமும் இளஞ்சிவப்புமான எச் அண்ட் ஈ சாயத்திலேயே, பென்சில்களை நெருக்கி அடுக்கியதுபோல நீண்டு கறுத்த நியூக்ளியஸ்கள் வரிசையாக நிற்கும். எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடைக் கையில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே நீலப் பட்டை தெரியும். இப்படித் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு எங்கள் டாக்டரம்மா, "நீங்களே சைன் அவுட் பண்ணிடுங்க" என்று கேலி செய்வார்.

சிக்கல் இன்னொரு குடும்பத்தில். ரம்பப்பல் பாலிப்கள், உங்கள் மொழியில் செரேட்டட். சுரப்பிக் குழியின் உள்விளிம்பு ரம்பம்போலப் பல் பல்லாக இருப்பதால் அந்தப் பெயர். வெகுகாலம் இவை எல்லாவற்றுக்கும் ஹைப்பர்பிளாஸ்டிக் என்ற ஒரே பெயர்தான், தீர்ப்பும் ஒன்றுதான்: ஆபத்தில்லை. 1990-இல் லாங்கேக்கர், ஃபெனோக்லியோ-பிரைசர் என்ற இரண்டு பதாலஜி டாக்டர்கள் இவற்றில் சில அப்படி இல்லை என்றார்கள். 1996-லும் 2003-லும் டோர்லகோவிச்சும் ஸ்னோவரும் இன்னும் கூர்மையாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் அதன் பெயர் செசைல் செரேட்டட் லீஷன். தட்டையாகக் குடலோடு ஒட்டிக் கிடக்கும், பெரும்பாலும் வலப்பக்கக் குடலில், மேலே சளி போர்த்திக்கொண்டு, ஸ்கோப்பின் கண்ணுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு. குடல் புற்றுகளில் 15 முதல் 30 சதவீதம் இந்த ரம்பப்பல் வழியில் வருபவை என்று கணக்கிடுகிறார்கள்.

ஆக உண்மையான கேள்வி இதுதான். இரண்டுமே ரம்பப்பல். ஒன்று மலக்குடலில் கூட்டமாக இருந்தாலும் ஒன்றும் செய்யாத ஹைப்பர்பிளாஸ்டிக். இன்னொன்று செசைல் செரேட்டட். எப்படிப் பிரிப்பது?

அடியைப் பார்த்து. குழியின் அடி. ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பில் குழி டெஸ்ட் டியூப் போல நேராக இறங்கும். பல் எல்லாம் மேல் பாதியில்தான், அடி ஒடுங்கியிருக்கும். மற்றதில் பல் அடிவரை இறங்கும். அடி பலூன்போல அகலும், பக்கவாட்டில் மடங்கும், பூட்ஸ் கால் போலவோ நங்கூரம் போலவோ ஆகும். அப்படி ஐயத்துக்கிடமில்லாத ஒரே ஒரு குழி இருந்தாலும் போதும் என்கிறது 2019 வகைப்பாடு. இதற்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். குழி மேலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டுப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

இங்கேதான் நான் வருகிறேன்.

2010-இல் என்று நினைவு. ஐம்பதைக் கடந்த ஒரு அம்மாவின் பாலிப். ஒரே பாட்டிலில் நாலைந்து துண்டு. பாட்டில் சீட்டில் பெயர், வயது, அப்புறம் 'பாலிப்' என்று ஒரே சொல். குடலில் எந்த இடம், எத்தனை மி.மீ., எதுவும் இல்லை. அன்று பிளாக் வேலை மலைபோல் குவிந்திருந்தது. இப்படிச் சொல்வது சாக்குத்தான், இருந்தாலும் சொல்கிறேன். துண்டுகளை அச்சில் போட்டேன், பாரஃபினை ஊற்றினேன், குளிர்தட்டில் வைத்துவிட்டேன். எந்தப் பக்கம் மேற்பரப்பு, எந்தப் பக்கம் வெட்டு விளிம்பு என்று இடுக்கியால் புரட்டிப் பார்க்கவில்லை. அவை கவிழ்ந்து படுத்துக்கொண்டன. மறுநாள் ஸ்லைடில் வந்தது அழகான நட்சத்திரக் கூட்டம். ரம்பப்பல் குழியைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாகத்தான் தெரியும். ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் என்று ரிப்போர்ட் போனது. "ஒண்ணுமில்லம்மா, பத்து வருஷம் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்று அவரிடம் சொன்னார்களாம். இது பின்னால் அவருடைய மகள் சொன்னது.

ஐந்து வருடம் கழித்து அதே அம்மாவின் வலப்பக்கக் குடல் முழுசாக எங்கள் குரோசிங் மேசைக்கு (வந்த உறுப்பை அறுத்துப் பார்த்துத் துண்டெடுக்கும் மேசை) வந்தது. புற்று. வெளியே அனுப்பிச் சாயம் போட்டதில் எம்.எல்.எச்.1 (டி.என்.ஏ. பிழையைத் திருத்தும் ஒரு புரதம்) இல்லை, பிராஃப் மரபணுவில் மாற்றம் உண்டு. இது ரம்பப்பல் வழிக்கே உரிய அடையாளம். டாக்டரம்மா பழைய எண்ணைத் தேடச் சொன்னார். ஸ்டோர் ரூமில் அரை நாள் தேடி அந்த பிளாக்கை எடுத்தேன். உருக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை விளிம்பில் நிமிர்த்தி நிறுத்திப் பதித்தேன். வெட்டினேன்.

இரண்டு பேர் பார்க்கும் மைக்ராஸ்கோப் எங்களிடம் இருந்தது. "இங்க வாங்க, பாருங்க" என்றார். பூட்ஸ் கால்கள். ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக.

அந்தப் புற்று அந்தப் பாலிப்பின் மிச்சத்திலிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது, பக்கத்தில் பார்க்காமல் விட்ட வேறொன்றாகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இந்த வகையின் பெயரே நிறையப் பேருக்குப் பழகவில்லை என்பதும் நிஜம். எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று புரிந்தது. ஆனாலும் கவிழ்த்துப் பதித்த கை என்னுடையது. மகள் பிளாக் வாங்கிப் போக வந்தபோது, என்ன ஆச்சு என்று கேட்டார். அதை டாக்டர் சொல்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு. குடலின் உட்சவ்வு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். நாம் வெட்டும் சீவல் 4 மைக்ரான். பாலிப் கவிழ்ந்து கிடந்தால் மேற்பரப்பிலிருந்து அடிக்குப் போக 125 சீவல் வேண்டும். நான் அன்று எடுத்தது மேலாக மூன்று. மீதி அடி பிளாக்குக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் விடை.

இப்போது விற்க வந்தவரின் காகிதத்துக்கு வருவோம். அதில் சொல்லியிருக்கும் மார்க்கர்கள் பொய்யல்ல. சிலவற்றை நானே என் கையால் போட்டிருக்கிறேன்.

அனெக்சின் ஏ10 என்பது இரைப்பையின் சவ்வில் இருக்கவேண்டிய புரதம். பெருங்குடலில் அதற்கு வேலையே இல்லை. செசைல் செரேட்டட் பாலிப்பின் செல்கள் என்ன காரணமோ இரைப்பை வேஷம் கட்டிக்கொள்கின்றன. அதனால் இது அவற்றில் பிடிக்கிறது. மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டு இதை நல்ல அடையாளம் என்று 2013-இல் சொன்னார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு. குடலுக்குள் வயிற்றின் சாயல்! இரைப்பையின் சளிப் புரதமான எம்.யூ.சி.5ஏ.சி-யும் இதே கதைதான். ஆனால் இரண்டுமே சில ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்களிலும் எட்டிப் பார்க்கும், சில செசைல் செரேட்டட்களில் வராமலும் போகும். நல்ல சாட்சிதான், ஒற்றைச் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

பிராஃப் மாற்றம் செசைல் செரேட்டட்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. சரி. மைக்ரோவெசிகுலர் வகை ஹைப்பர்பிளாஸ்டிக்கிலும் அதே அளவுக்குத் தாராளமாக இருக்கிறது. அந்த இரண்டையும் பிரிக்கத்தானே கேட்டோம்? அதற்கு நேர்மாறு எம்.எல்.எச்.1. அது போய்விட்டது என்றால் அர்த்தம் உறுதியானது. ஆனால் பாலிப்பில் டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் உருக்குலையும் நிலை, வந்து, புற்றின் வாசலுக்கு வந்த பிறகுதான் அது போகிறது. பல வருடம் சாதுவாகக் கிடந்துவிட்டு அந்தக் கட்டத்துக்குப் பிறகு வேகம் எடுக்கும் பாலிப் இது. சும்மா இருக்கிற செசைல் செரேட்டட்டில் எம்.எல்.எச்.1 ஜம்மென்று பழுப்பாகவே இருக்கும். அதைப் பார்த்து, எம்.எல்.எச்.1 இருக்கிறது, ஆகவே தீங்கற்றது என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? விற்பனைக் காகிதத்தில் இந்த வரி இல்லை.

கேஐ-67 விஷயம் வேறு. செல் எங்கே பெருகுகிறது என்று காட்டும். ஹைப்பர்பிளாஸ்டிக்கில் ஒழுங்காக அடியில், செசைல் செரேட்டட்டில் தாறுமாறாகப் பக்கவாட்டில், அடினோமாவில் மேற்பரப்புவரை. நன்றாக உதவும். ஒரே நிபந்தனை: குழி நெடுக்காக வெட்டுப்பட்டிருக்க வேண்டும்! அப்படி வெட்டுப்பட்டிருந்தால் எச் அண்ட் ஈ-யிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடுமே. அன்று நான் கவிழ்த்துப் பதித்த துண்டில் கேஐ-67 போட்டிருந்தால் பழுப்புப் புள்ளி வைத்த நட்சத்திரங்கள் கிடைத்திருக்கும்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். மார்க்கர் பெயரை மாற்றினால் நோயாளிக்கு என்ன மாறும்? நம் ஊரில் பலரும் எடுத்துப் பார்க்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் 2020 பரிந்துரையையே வைத்துக்கொள்வோம். மலக்குடலிலோ அதற்கு மேலே வளைந்திருக்கும் சிக்மாய்டிலோ 10 மி.மீ.க்குக் குறைந்த ஹைப்பர்பிளாஸ்டிக் சில இருந்தால் அடுத்த கொலனோஸ்கோபி 10 வருடம் கழித்து. அந்த இடத்தில், அந்த அளவில் வரும் நூற்றுக்கணக்கான குட்டிப் பாலிப்களுக்கு மார்க்கர் போடுவது காசை ஃபார்மலினில் கரைப்பது. எதிர்முனையில், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் ஹைப்பர்பிளாஸ்டிக்குக்கு 3 முதல் 5 வருடம், அதே அளவு செசைல் செரேட்டட்டுக்கு 3 வருடம். பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது அந்த அம்மாவின் பாட்டிலில் 'வலப்பக்கம், 12 மி.மீ.' என்று எழுதியிருந்தால், நான் கவிழ்த்துப் பதித்து, ரிப்போர்ட்டும் ஹைப்பர்பிளாஸ்டிக் என்றே போயிருந்தாலும், இன்றைய கணக்குப்படி அவர் சீக்கிரமே திரும்ப வந்திருப்பார். அளவு 12 மி.மீ. என்பது எங்களுக்கு 2015-இல் அவருடைய பழைய ஸ்கோப் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. பேனாவில் எழுதவேண்டிய இரண்டு சொல்லின் வேலையைப் பல நாள் கூலியைக் கொடுத்து ஆன்டிபாடியிடம் கேட்கிறோம்.

நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. வலப்பக்கக் குடல், 5 முதல் 9 மி.மீ., நிமிர்த்தி வெட்டியும் ஆழமாக இறங்கி வெட்டியும் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லும் பாலிப். அனுபவசாலிகளிடையேயே இதில் கருத்து ஒத்துப்போவது சுமார்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அனெக்சினைப் போடுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. செசைல் செரேட்டட் என்று உறுதியான பிறகு அதற்குள் ஒரு மூலை மட்டும் கொஞ்சம் விநோதமாக இருந்து, டிஸ்பிளேசியாவா இல்லையா என்று குழப்பினால் எம்.எல்.எச்.1 போடுங்கள். அது போயிருந்தால் அந்த நோயாளியின் அடுத்த மூன்று வருடமே மாறும். பிராஃபை அந்த நேரத்தில் கேட்க வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலத்தில் ரத்தம் என்று அலறிக்கொண்டு அம்மாக்கள் தூக்கி வரும் நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகளின் பாலிப் நம்மிடம் ஏராளமாக வரும். செர்ரிப் பழம்போல, உள்ளே சளி நிறைந்த பைகளோடு. ஒன்றே ஒன்று என்றால் அது ஜுவெனைல் பாலிப். எடுத்தாயிற்று, முடிந்தது. அதற்கும் இந்த செட்டைப் போடப்போகிறீர்களா என்று தம்பியிடம் கேட்டேன். "பாலிப்னு வந்தா எல்லாத்துக்கும்தான் அண்ணே" என்றான். பல பாலிப் இருந்தால், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால், அது வேறு சமாச்சாரம், எஸ்.எம்.ஏ.டி.4 போன்ற மரபணுவைத் தேடிப் போகவேண்டியது. ஒற்றைப் பாலிப் பிள்ளையின் தகப்பனிடம் அந்தக் காசை வாங்காதீர்கள்.

ஸ்கோப் போடும் டாக்டர்களிடம் சொல்ல இன்னும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலிப்பை முழுசாக எடுத்தாயிற்று என்று நினைத்த இடத்தின் விளிம்பிலிருந்து திரும்பத் துண்டெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. 5 முதல் 20 மி.மீ. வரையான பாலிப்களில் பத்தில் ஒன்றில் மிச்சம் இருந்தது. செசைல் செரேட்டட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31 சதவீதம். மூன்றில் ஒன்று! இந்த மிச்சம் எந்த ஸ்டெயினிலும் தெரியாது. அது பாட்டிலுக்கே வரவில்லை, நோயாளியோடு வீட்டுக்குப் போய்விட்டது. சளியைக் கழுவி, விளிம்பைப் பார்த்து எடுப்பதற்கு ஆகும் அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் லேபில் மாற்று இல்லை.

அப்புறம் பாட்டில். ஒரு பாலிப்புக்கு ஒரு பாட்டில் என்றால் செலவு கூடுகிறது என்பீர்கள். சரி, குறைந்தது வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒரே பாட்டிலில் போடாதீர்கள். பெரியதைத் தனியாகப் போடுங்கள். எந்த இடம், எத்தனை மி.மீ., காம்பு உண்டா தட்டையா, ஒரே துண்டாக வந்ததா பிய்த்து எடுத்ததா: இந்த நாலும் சீட்டில் இருக்கட்டும். தட்டையான பாலிப் முழுசாக வந்திருந்தால் ஒரு சின்ன அட்டையிலோ ஃபில்டர் பேப்பரிலோ வெட்டு முகம் கீழே இருக்கும்படி ஒட்டவிட்டு ஃபார்மலினில் போட்டால், எங்கள் பிள்ளைகளுக்கு அது கும்பிட்டு வாங்கவேண்டிய வரம். சுருண்டுபோன பாலிப்பை அடுத்த நாள் நிமிர்த்துவது, காய்ந்த அப்பளத்தை மடிக்கப் பார்ப்பது மாதிரி.

பதாலஜி டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழியின் அடி தெரியவில்லை என்றால் அதை அப்படியே எழுதிவிடுங்கள். 'ரம்பப்பல் பாலிப், அடி தெரியவில்லை, வகை பிரிக்க முடியவில்லை' என்பது அசிங்கமான ரிப்போர்ட் இல்லை. ஹைப்பர்பிளாஸ்டிக் என்று எழுதிவிட்டால் அந்த ஒரு சொல் நோயாளியின் வீட்டுக்குள் போகும்போது 'ஒண்ணுமில்ல'யாக மாறிவிடுகிறது. எழுதும் முன் ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு, நிமிர்த்திப் பதி, இன்னும் ஆழமாக வெட்டு என்று திட்டுங்கள். திட்டு வாங்கிய டெக்னீசியன் மறக்கமாட்டான். வாங்கவேண்டிய நேரத்தில் வாங்காதவன் சொல்கிறேன்.

மார்க்கர் வாங்குவது என்றே முடிவானால், வெளியூர்ப் படத்தை நம்பி ஆரம்பிக்காதீர்கள். ஃபார்மலின் மறைத்துவிட்ட புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டுவதற்காக, பிரஷர் குக்கரில் பஃபர் கொதிக்கவைத்து ஆன்டிஜனை மீட்கும் லேபுகள் நம்மிடம் உண்டு. விசில் ஒன்று கூடினால், ஃபார்மலினைப் பஃபர் இல்லாமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தால், பழுப்பு நிறம் வரவேண்டிய இடத்தில் வராது. எம்.எல்.எச்.1 'போய்விட்டது' என்று எழுதும் முன் பக்கத்திலிருக்கும் லிம்போசைட்டின் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) நியூக்ளியஸ் பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் போனது எம்.எல்.எச்.1 இல்லை, எங்கள் வேலைதான் சரியில்லை.

சோதித்துப் பார்க்கச் சரக்கு உங்கள் ஸ்டோர் ரூமிலேயே இருக்கிறது. நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய லேபுகளிலும் பழைய பிளாக்குகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன. எலிக்கும் கரப்பானுக்கும் பாரஃபின் பிடிக்கும் என்பதை மறக்காமல் அவற்றை முதலில் காப்பாற்றுங்கள். அப்புறம் வலப்பக்கம், 10 மி.மீ.க்கு மேல், ஹைப்பர்பிளாஸ்டிக் என்று எழுதப்பட்டவற்றைப் பதிவேட்டிலிருந்து பொறுக்கி எடுங்கள். நிமிர்த்திப் பதித்துத் திரும்பப் பாருங்கள். இப்படித் திரும்பப் பார்த்த ஊர்களில் எல்லாம் கணிசமான பங்கு செசைல் செரேட்டட்டாக மாறியிருக்கிறது. அதே பிளாக்குகளில் உங்கள் புது மார்க்கரைப் போட்டுப் பார்த்தால், நம் ஃபார்மலினில், நம் குக்கரில், நம் கையில் அது எவ்வளவு தேறும் என்பது தெரிந்துவிடும். முக்கியமாக, பெயர் மாறும் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஒரு போன் நம்பர் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு, வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு யாராவது ஒருவரைப் பொறுப்பாக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

என்னால் முடிந்தது ஒன்று உண்டு. புதுப் பிள்ளைகளுக்கு மைக்ரோடோம் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள். பாலிப்பைப் புரட்டிப் பார்த்து விளிம்பில் நிறுத்தச் சொல்லித்தருவதில்லை. அரை நாள் போதும். சனிக்கிழமைகளில் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். எந்த லேபாக இருந்தாலும் வருகிறேன், டீ மட்டும் வாங்கிக்கொடுத்தால் போதும். பதிக்கும் இடுக்கியை நானே கொண்டுவந்துவிடுவேன். நான் பார்த்தவரை லேபுகளில் இருப்பவற்றின் முனை முக்கால்வாசி வளைந்துதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹிஸ்டோபதாலஜி டெக்னீசியன் ஒருவன்